பாட்டுக் கோப்பு ஒலிக்க மறுத்தால்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

ஒரு பாட்டுக் கோப்பு ஒரு பிளேயரில் ஒலித்து மற்றொன்றில் ஒலிக்க மறுக்கும்போது, பலரும் முதலில் செய்வது ஏதாவது ஒரு கன்வெர்ட்டரை இறக்கி அதை எம்பி3 ஆக மாற்றுவதுதான். பெரும்பாலான நேரங்களில் இது தேவையற்ற வேலை. சில நேரங்களில் பாட்டின் தரத்தைத் திரும்பப் பெற முடியாதபடி கெடுக்கும் வேலை. கோளாறு ஒலித்தரவிலேயே இருப்பது குறைவு. அந்தத் தரவைத் தாங்கும் கொள்கலனிலோ, பாட்டின் பெயரும் படமும் எழுதப்பட்ட டேக் பகுதியிலோ, பென் டிரைவ் ஃபார்மட் செய்யப்பட்ட விதத்திலோ, பிளேயரின் திறனிலோ அது இருப்பதே வழக்கம். ஆகவே இங்கே சொல்லப்படும் எல்லா வழிகளிலும் மாற்றம் செய்வது கடைசிப் படியாகவே வைக்கப்பட்டுள்ளது.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் நீட்டிப்பு, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது; உள்ளே இருப்பது அதுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எம்4ஏ என்ற ஒரே நீட்டிப்புக்குள் ஒலித்தரவைக் குறைத்துச் சேமிக்கும் ஏஏசி கோடெக்கும் (ஒலியைச் சுருக்கி எழுதும் முறையே கோடெக்) இருக்கலாம், எதையும் இழக்காமல் சுருக்கும் ஆப்பிளின் ஏலாக் கோடெக்கும் இருக்கலாம். முன்னதை ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் இயக்கும். பின்னதைப் பல கார் ஸ்டீரியோக்கள் இயக்கமாட்டா. மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ என்ற நீட்டிப்பும் அப்படியே: அதன் சாதாரண வகை, புரோ வகை, இழப்பற்ற வகை, பேச்சுக்கான வகை என நான்கும் ஒரே பெயரில் வரும், ஆனால் நான்கையும் இயக்கும் கைக்கருவிகள் குறைவு.

உள்ளே இருப்பதை அறிய மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் கோப்பைத் திறந்து ஐந்து விவரங்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்: கொள்கலன் எது, கோடெக் எது, சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது என்பது) எவ்வளவு, ஒவ்வோர் அளவும் எத்தனை பிட், எத்தனை சேனல். விஎல்சி பிளேயர் ஏற்கெனவே இருந்தால், பாட்டு ஓடும்போது கன்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் இதே விவரங்களில் பெரும்பகுதி தெரியும். பிட் எண்ணிக்கை எம்பி3, ஏஏசி போன்றவற்றுக்குப் பொருந்தாது என்பதால் அந்தக் கோப்புகளுக்கு மற்ற நான்கே போதும்.

விஎல்சியில் ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வகையிலும் பயன்படும். அது இயங்குதளத்தின் கோடெக்குகளை நம்பியிராமல், சுருக்கிய ஒலியை விரித்துத் தரும் டிகோடர்களில் தேவையான பெரும்பாலானவற்றைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எனவே விஎல்சியில் சரியாக ஓடும் கோப்பு வேறொரு பிளேயரில் ஓடவில்லை என்றால் குறை பிளேயரில் இருக்கிறது என்றும், விஎல்சியிலும் ஓடவில்லை என்றால் கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது பூட்டப்பட்டிருக்கிறது என்றும் பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

கோப்பு திறக்கவே இல்லை. வடிவம் ஆதரிக்கப்படவில்லை என்ற செய்தி வருகிறது

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். நான்கு நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்; இதுவே பிட்ரேட்) எம்பி3 ஆக இருந்தால் ஏறத்தாழ 3.8 எம்பி இருக்கும். 320 கேபிபிஎஸ் என்றால் 9.6 எம்பி, சுருக்கப்படாத குறுந்தகட்டுத் தர வேவ் கோப்பு என்றால் நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குச் சற்று மேல். நான்கு நிமிடப் பாட்டு சில கேபி மட்டுமே இருக்கிறது என்றால் அது பாட்டே அல்ல. பதிவிறக்கம் தோற்றபோது சேமிக்கப்பட்ட ஏதோ ஒரு பிழைப் பக்கம். மீண்டும் இறக்குவது தவிர வேறு வழியில்லை.

அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் நீட்டிப்பு தவறாக இருக்கலாம். காணொளித் தளங்களிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் சில கருவிகள், உள்ளே ஏஏசி அல்லது ஓபஸ் இருக்கும்போதே பெயரில் மட்டும் எம்பி3 என்று போட்டுவிடுகின்றன. கணினிப் பிளேயர்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும்; நீட்டிப்பை மட்டும் நம்பும் பழைய கருவிகள் தடுமாறும். கோப்பின் முதல் சில பைட்டுகளை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் உண்மை உடனே விளங்கும். டேக் உள்ள எம்பி3 கோப்பு 'ஐடி3' என்ற எழுத்துகளுடன் தொடங்கும். ஃபிளாக் கோப்பு தன் பெயரின் நான்கு எழுத்துகளுடனேயே தொடங்கும். வோர்பிஸையோ ஓபஸையோ தாங்கும் ஆக் கோப்பு 'ஆக்' என்பதோடு ஒரு 'எஸ்' சேர்த்துத் தொடங்கும். வேவ் கோப்பு 'ரிஃப்' என்று தொடங்கும். எம்4ஏ கோப்பில் முதல் நான்கு பைட்டுகளை அடுத்து 'எஃப்டைப்' என்ற குறி இருக்கும். உண்மை வடிவம் தெரிந்ததும் நீட்டிப்பைத் திருத்தினால் பல கோப்புகள் அப்படியே ஓடத் தொடங்கும். பார்த்து முடித்ததும் எதையும் சேமிக்காமல் எடிட்டரை மூடிவிட வேண்டும்.

வடிவம் சரி, நீட்டிப்பும் சரி, ஆனால் அந்தப் பிளேயர் அதை அறியாது என்பது அடுத்த சாத்தியம். ஃபிளாக் 2001 முதல் புழக்கத்தில் இருந்தாலும் விண்டோஸ் தானாக அதை இயக்கத் தொடங்கியது 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இல்தான். விண்டோஸ் 7 இன் மீடியா பிளேயரில் ஃபிளாக் ஓடவில்லை என்றால் அது பிழையல்ல, அதன் வயது. ஆப்பிளின் கருவிகள் 2017 முதல் ஃபிளாக் கோப்பைத் திறந்து ஒலிக்கச் செய்யும். ஆனாலும் மியூசிக் செயலியின் நூலகத்தில் அதைச் சேர்க்க முடியாது. அங்கே ஏலாக் வடிவத்துக்கு மாற்றுவதுதான் வழி. இரண்டும் இழப்பற்றவை என்பதால் இந்த மாற்றத்தில் ஒலி எதையும் இழக்காது. மேக் கணினியில் எக்ஸ்எல்டி என்ற மென்பொருளும், விண்டோஸில் ஃபூபார்2000 உம் இதைத் தொகுதியாகச் செய்து தரும்.

விண்டோஸில் பெயருடன் 'என்' என்ற எழுத்து சேர்ந்த பதிப்புகள் உண்டு. ஐரோப்பியச் சந்தைக்கென மீடியா வசதிகள் நீக்கி விற்கப்பட்டவை அவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினிகளில் இவற்றைக் காணலாம். அதில் மீடியா ஃபீச்சர் பேக் என்பதை அமைப்புகளின் வழியே நிறுவிய பிறகுதான் சாதாரண எம்பி3 கூட இயங்குதளத்தின் பிளேயரில் முறையாக ஓடும். லினக்ஸில் பிளகின் தேவை என்ற செய்தி வந்தால், ஒலியையும் காணொளியையும் இயக்கும் ஜீஸ்ட்ரீமரின் கூடுதல் பிளகின் பொதிகள் நிறுவப்படவில்லை என்று பொருள். உபுண்டுவில் 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' பொதியை நிறுவினால் போதும். எம்பி3 இன் காப்புரிமை உரிமத் திட்டத்தை ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டதால் அந்த வடிவத்துக்கு இன்று சட்டத் தடை ஏதும் இல்லை. பழைய பதிப்புகளில் மட்டுமே இந்தத் தொல்லை தொடர்கிறது.

இணையத்தில் கிடைக்கும் பெரிய கோடெக் தொகுப்புகளை நிறுவச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. பத்து வடிவங்களை இயக்கவென்று போட்ட தொகுப்பு, ஏற்கெனவே சரியாக ஓடிக்கொண்டிருந்த இரண்டைக் கெடுத்துவிடுவது உண்டு. தன் டிகோடர்களைத் தானே வைத்திருக்கும் ஒரு பிளேயருக்கு மாறுவது அதைவிட எளிது, அகற்றுவதும் எளிது.

பூட்டப்பட்ட கோப்புகள்

எம்4பி என்ற நீட்டிப்பு, நகலெடுப்பதைத் தடுக்கும் ஆப்பிளின் ஃபேர்பிளே பூட்டுடன் விற்கப்பட்ட பழைய கோப்புகளைக் குறிக்கும். ஐடியூன்ஸ் ஸ்டோர் 2003 இல் தொடங்கியது முதல் பாடல்கள் 128 கேபிபிஎஸ் ஏஏசி வடிவில் பூட்டுடன் விற்கப்பட்டன. 2007 இல் பூட்டற்ற 256 கேபிபிஎஸ் கோப்புகள் வரத் தொடங்கி, 2009 இல் முழுத் தொகுப்பும் பூட்டற்றதாயிற்று. நீட்டிப்பை எம்4ஏ என்று மாற்றுவதால் பூட்டு திறக்காது. வாங்கிய அதே கணக்கால் மியூசிக் செயலிக்கு அனுமதி வழங்கி, வாங்கியவை பட்டியலிலிருந்து பாடலை மீண்டும் இறக்கிப் பார்க்க வேண்டும். பூட்டற்ற பிரதி கிடைக்கக்கூடும். கிடைக்காதபோது ஆடியோ குறுந்தகட்டில் எழுதி மீண்டும் கணினிக்கு எடுப்பது அந்த மென்பொருளே அனுமதித்த பழைய வழி.

பூட்டிய டபிள்யூஎம்ஏ கோப்புகளின் நிலை இதைவிடக் கடினம். அவற்றை ஓட்ட உரிம சர்வரின் ஒப்புதல் வேண்டும். எம்எஸ்என் மியூசிக் கடையின் உரிம சர்வர்களை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2008 இல் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிப்போட்டது. அத்தகைய சர்வர் இல்லாதபோது புதிய கணினிக்கு உரிமத்தைப் பெற முடியாது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'பதிவிறக்கம்' என்று சேமிக்கப்படுபவையும் மறையாக்கம் செய்யப்பட்டவையே. அவற்றைத் தேடி எடுத்துப் பென் டிரைவில் போட்டுப் பயனில்லை.

கணினியில் ஓடுகிறது, காரில் ஓடவில்லை

இந்த அறிகுறியைத்தான் மிகுதியாகக் கேட்கிறோம். இதன் காரணங்களும் பல. ஸ்டீரியோ பென் டிரைவையே அறியவில்லையா, அறிந்தும் சில பாடல்களை மட்டும் தாண்டிச் செல்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பென் டிரைவையே அறியவில்லை என்றால் பாட்டு வடிவத்தைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாம். கார் ஸ்டீரியோக்களில் பல ஃபேட்32 என்ற கோப்பு முறைமையை மட்டுமே படிக்கும்; எக்ஸ்ஃபேட்டையும் என்டிஎஃப்எஸ்ஸையும் படிப்பவை குறைவு. 64 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென் டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டில் வருவது வழக்கம். விண்டோஸின் ஃபார்மட் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 ஐக் காட்டியதில்லை. ரூஃபஸ் போன்ற கருவியைப் பயன்படுத்தினால் அந்த எல்லை தடையாகாது. டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி வகையாக இருந்தாலும் பழைய ஸ்டீரியோ விழிக்கும். எம்பிஆர் வகையாக மாற்றி ஒரே ஒரு பார்ட்டிஷன் மட்டும் வைக்க வேண்டும். ஃபார்மட் செய்தால் உள்ளிருப்பவை அழியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சில பாடல்களை மட்டும் தாண்டுகிறது என்றால், ஓடும் பாடல் ஒன்றையும் ஓடாத பாடல் ஒன்றையும் மீடியாஇன்ஃபோவில் அருகருகே திறந்து ஒப்பிடுவதே குறுக்கு வழி. ஓடாதவை எல்லாம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் கோப்புகளாக இருந்தால், அந்த ஸ்டீரியோ 16 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஓடாதவை எல்லாம் எம்4ஏ ஆக இருந்தால் அவற்றுள் ஏலாக் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடாதவை எம்பி3 ஆகவே இருந்து, சாம்பிள் ரேட் மட்டும் 24 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழ் இருந்தால், அவை எம்பெக்-2 அல்லது எம்பெக்-2.5 வகை எம்பி3 கள். சொற்பொழிவுப் பதிவுகளிலும் பழைய வானொலிப் பதிவுகளிலும் இது மிகுதி. ஆரம்பகால எம்பெக்-1 தரம் 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டது. அதோடு நின்றுவிட்ட கருவிகளுக்குக் கீழே உள்ளவை புரியாது.

கோடெக், சாம்பிள் ரேட் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒன்று ஓடி மற்றொன்று ஓடவில்லை என்றால் ஆல்பம் படத்தைப் பாருங்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் உள்ள டேக் பகுதியில்தான் படம் பதிக்கப்படுகிறது. 3000 புள்ளி அகலமுள்ள பல எம்பி படத்தைக் கடந்து ஒலித்தரவை அடையச் சிறிய கருவிகள் திணறும். எம்பி3டேக் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்து, படத்தை 500 புள்ளி அகல ஜேபெக் ஆகக் குறைத்து மீண்டும் பதியலாம். அந்த ஜேபெக் புரோகிரசிவ் வகையாக இல்லாமல் சாதாரண பேஸ்லைன் வகையாக இருக்க வேண்டும். பாட்டு ஓடியும் படம் மட்டும் தெரியவில்லை என்பதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

மேக் கணினியிலிருந்து நகலெடுத்த பென் டிரைவில் ஒரு விசித்திரம் நேரும்: ஒவ்வொரு பாட்டும் இரண்டாகத் தெரியும், அதில் ஒன்று ஓடாது. புள்ளியும் அடிக்கோடும் முன்னொட்டாகக் கொண்ட, நான்கு கேபி அளவுள்ள மறைகோப்புகள் அவை. ஃபேட்32 இல் இடமில்லாத கூடுதல் விவரங்களை மேக் அவற்றில் எழுதி வைக்கிறது. மேக்கில் அவை கண்ணுக்குத் தெரியா. விண்டோஸ் கணினியில் மறைகோப்புகளைக் காட்டச் செய்து அழித்துவிடலாம். பாட்டுக்குக் கேடில்லை.

பாடல்கள் ஓடுகின்றன, ஆனால் வரிசை தாறுமாறாக இருக்கிறது என்பதும் பென் டிரைவின் குணமே. எளிய கருவிகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. ஃபேட் அட்டவணையில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அதே வரிசையில் ஓட்டும். பெயரின் முன் 01, 02 என்று எண்ணிட்டால் மட்டும் போதாது. கோப்புறையைக் காலி செய்துவிட்டு எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும், அல்லது ஃபேட்சார்ட் போன்ற கருவியால் அட்டவணையை வரிசைப்படுத்த வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் ஒலி சரியில்லை

ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கலாக, தாளக் கருவிகளின் கூர்மை முழுதும் போய்க் கேட்டால், அது ஹெச்இ-ஏஏசி கோப்பாக இருக்கக்கூடும். இணைய வானொலிகள் குறைந்த பிட்ரேட்டில் பயன்படுத்தும் வடிவம் இது. உயர் அதிர்வெண்களைத் தனிக் குறிப்பாக எழுதி, டிகோடரே அவற்றை மீட்டுருவாக்கிக்கொள்ளும்படி இது அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத பழைய பிளேயர் அடிப்படைப் பகுதியை மட்டும் ஒலிக்கச் செய்யும். பிழைச் செய்தி எதுவும் வராது. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை அந்தப் பிளேயர் 22.05 என்று காட்டினால் சந்தேகம் உறுதியாகிவிடும். இதன் இரண்டாம் பதிப்பில் ஸ்டீரியோ விவரமும் தனிக் குறிப்பாகவே எழுதப்படுவதால், மங்கலோடு மோனோவாகவும் கேட்கும். பிளேயரைப் புதுப்பிப்பதே சரியான தீர்வு.

பாட்டுக்குப் பதிலாக இடைவிடாத இரைச்சல் மட்டும் கேட்டால் ஒலியளவை உடனே குறைத்துவிட்டு, அது டிடிஎஸ் குறுந்தகட்டிலிருந்து எடுத்த வேவ் கோப்பா என்று பாருங்கள். அதில் வேவ் உறைக்குள் டிடிஎஸ் தரவு இருக்கும். அதைச் சாதாரண அலைவடிவமாகக் கருதி ஒலிக்கச் செய்தால் இரைச்சலே வரும். டிடிஎஸ் டிகோடர் உள்ள பிளேயரில் மட்டும் அது பாட்டாகும்.

இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் தொலைவில் போய்விட்டது என்றால் சேனல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு என்று இருந்தால் குரல் நடுச் சேனலில் இருக்கிறது. பிளேயர் இடம், வலம் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிட்டது. பிளேயரின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோவாகக் கலக்கும் தேர்வை இயக்க வேண்டும். சேனல் இரண்டே இருந்தும் குரல் மறைகிறது என்றால் ஹெட்ஃபோன் பின் முழுதாக நுழையவில்லை, கோப்பை விட்டுவிடுங்கள்.

பாட்டு சற்றே மெதுவாகவும், சுருதி இறங்கியும் ஒலிப்பது, கூடப் பாடிப் பழகியவருக்கே பெரும்பாலும் பிடிபடும். 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 44.1 ஆகக் கருதி ஓட்டினால் வேகம் எட்டு சதவீதம் குறைந்து, சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுர அளவு இறங்கும். வெளிப்புற ஒலிக் கருவியின் சாம்பிள் ரேட் அமைப்பையும் பிளேயரின் அமைப்பையும் ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.

நேரம் தவறாகக் காட்டுகிறது. நடுவில் தள்ளினால் வேறிடத்துக்குப் போகிறது

நான்கு நிமிடப் பாட்டு 24 நிமிடம் என்று காட்டினால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாறும் பிட்ரேட்டில் உருவான எம்பி3 கோப்பில், மொத்த ஃபிரேம்களின் (ஒலி வெட்டி வைக்கப்படும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கையைச் சொல்லும் ஸிங் தலைப்பு ஒன்று முதல் ஃபிரேமில் இருக்க வேண்டும். அது இல்லாதபோது எளிய பிளேயர் முதல் ஃபிரேமின் பிட்ரேட்டையே பாட்டு முழுமைக்கும் உரியதாகக் கொண்டு கோப்பளவை வகுக்கிறது. சராசரி 192 கேபிபிஎஸ் உள்ள நான்கு நிமிடப் பாட்டு 5.76 எம்பி இருக்கும். பாட்டு மௌனத்தில் தொடங்கி, முதல் ஃபிரேம் 32 கேபிபிஎஸ் ஆக அமைந்துவிட்டால் அதே 5.76 எம்பி 24 நிமிடமாகக் கணக்காகிறது. ஒலித்தரவுக்கு ஒரு குறையும் இல்லை. ஃபூபார்2000 இல் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, யுட்டிலிட்டீஸ் பட்டியலில் விபிஆர் எம்பி3 தலைப்பைத் திருத்தும் கட்டளையைத் தேர்ந்தால் மறு என்கோடிங் (ஒலியை மீண்டும் சுருக்குதல்) இல்லாமலேயே நேரம் சரியாகும். இரண்டு எம்பி3 கோப்புகளை வெறுமனே ஒட்டி ஒன்றாக்கியவற்றிலும் இதே கோளாறு, முதல் பாட்டின் நேரம் மட்டும் காட்டுவதாக, வெளிப்படும். அதற்கும் இதே மருந்து.

பாட்டின் பெயர் தமிழில் வராமல் குறிகளாக வருகிறது

வரும் குறிகளின் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும் என்பதால் அவற்றைக் கூர்ந்து பார்ப்பது நல்லது.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் டேக் சரியாகவே இருக்கிறது. கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கார் ஸ்டீரியோவில் எழுத்துரு சேர்க்க வழியில்லாததால், அந்தப் பென் டிரைவுக்கு மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதே நடைமுறைத் தீர்வு. எழுத்துகள் தெரிந்தும், கொம்பு எழுத்துக்குப் பின்னாலும் புள்ளி தனியாகவும் நின்றால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் நிரல் இல்லை. அதற்கும் இதுவே வழி.

தலைமேல் கோடிட்ட லத்தீன் 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' எனும் பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால், ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் எழுதிய தமிழைப் பிளேயர் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று எண்ணிப் படிக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 இல் மூன்று பைட்டுகளாகிறது. முதல் இரண்டு பைட்டுகள் பெரும்பாலான குறிகளுக்கு ஒன்றே என்பதால்தான் அந்த இரண்டு சின்னங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எம்பி3 டேக் எழுதும் முறையான ஐடி3 இன் 2.4 பதிப்பு யுடிஎஃப்-8 ஐ அனுமதிக்கிறது, 2.3 பதிப்பு லத்தீன்-1, யுடிஎஃப்-16 வகை ஆகிய இரண்டை மட்டுமே அறியும். விண்டோஸின் பழைய பதிப்புகளும் பல கைக்கருவிகளும் 2.3 ஓடு நின்றவை. எனவே எம்பி3டேக் அமைப்புகளில் எம்பெக் டேக் பகுதிக்குச் சென்று, எழுதும் முறையை ஐடி3 2.3, யுடிஎஃப்-16 என்று வைத்து, பெயர்களைத் திருத்திச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் மிகப் பெரும்பாலான இடங்களில் சரியாக வரும்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து வந்தால், அது ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டியது. 'ஜே, கே, பி, ஓ' என்ற நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக நின்றால் அது பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் உருவான பழைய தொகுப்புகளில் இதைக் காணலாம். தகுதரம் எனப்படும் டிஸ்கியில் எழுதியவையோ உச்சரிப்புக் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். இந்த இரண்டிலும் பிளேயரின் அமைப்பை மாற்றிப் பயனில்லை. பெயர்களை எம்பி3டேக்கிலிருந்து உரைக் கோப்பாக எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் ஒருங்குறிக்கு மாற்றி, மீண்டும் பதிய வேண்டும். ஒரு கோப்பில் சோதித்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

பெயர் சரியாகத் தொடங்கிப் பாதியில் அறுந்தால் கருவி கோப்பின் இறுதியில் உள்ள பழைய ஐடி3 முதல் பதிப்பு டேக்கைப் படிக்கிறது. அந்த டேக் முழுவதுமே 128 பைட்டுகள். பாட்டின் பெயருக்கு அதில் 30 பைட்டுகள்தாம். ஏதேனும் மென்பொருள் அதில் தமிழை யுடிஎஃப்-8 ஆக எழுதியிருந்தால் பத்துக் குறிகளுக்கு மேல் கொள்ளாது. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'நாட்டுப்புறப் பாடல்கள்' என்ற பெயர் 'நாட்டுப்பு' என்று நின்றுவிடும். முதல் பதிப்பு டேக்கை முற்றிலும் நீக்கிவிட்டால் கருவி புதிய பதிப்பைப் படிக்கும்.

பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி. ஒன்று உரக்க, ஒன்று மெதுவாக

ராகத்திலிருந்து தானத்துக்குத் தொடர்ந்து செல்லும் கச்சேரிப் பதிவைத் தனித்தனி எம்பி3 ஆக வெட்டியிருந்தால், வெட்டிய இடத்தில் ஒரு நொடியின் சிறு பகுதி மௌனம் புகும். எம்பி3 இன் ஒவ்வொரு ஃபிரேமும் 1152 சாம்பிள்கள் கொண்டது. கடைசி ஃபிரேம் நிரம்பாதபோது வெறுமையால் நிரப்பப்படுகிறது, தொடக்கத்திலும் என்கோடர் சிறிது தாமதத்தைச் சேர்க்கிறது. எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடர் இந்த அளவுகளைக் கோப்பிலேயே குறித்து வைக்கும். அதைப் படிக்கும் ஃபூபார்2000 போன்ற பிளேயர் துல்லியமாக வெட்டிவிடும். பிளேயரை மாற்ற முடியாத இடத்தில் கச்சேரியை ஒரே கோப்பாக வைத்துக்கொள்வதே நிம்மதி. மூலம் குறுந்தகடாக இருந்தால் ஃபிளாக் ஆக எடுப்பது இன்னும் நல்லது.

ஒலியளவு வேறுபாட்டுக்கு, பாட்டை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று கணக்கிடும் ரீப்ளேகெயின் அளவீட்டை ஃபூபார்2000 இல் ஓட்டினால், அந்த அளவு டேக்கில் மட்டும் பதியும். அந்த டேக்கைப் படிக்காத கார் ஸ்டீரியோவுக்கு எம்பி3கெயின் மென்பொருள் உதவும். அது ஒவ்வொரு ஃபிரேமிலும் உள்ள ஒலியளவு எண்ணை 1.5 டெசிபெல் படிகளில் மாற்றுகிறதே தவிர மறு என்கோடிங் செய்வதில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

மூலம் ஃபிளாக், ஏலாக், வேவ் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் தயக்கமின்றி மாற்றலாம். காருக்கு லேம் என்கோடரில் வி0 தரமோ (மாறும் பிட்ரேட்டில் மிக உயர்ந்தது) 320 கேபிபிஎஸ்ஸோ வைத்து, சாம்பிள் ரேட்டை 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் ஏறத்தாழ எல்லாக் கருவியிலும் ஓடும். மூலமே ஏஏசி, ஓபஸ், டபிள்யூஎம்ஏ போன்ற இழப்புள்ள வடிவமாக இருந்தால் ஒவ்வொரு மாற்றமும் மேலும் கொஞ்சம் ஒலியைத் தின்னும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் மாற்ற வேண்டும். ஐடியூன்ஸ் விண்டோஸ் பதிப்பு, பூட்டற்ற டபிள்யூஎம்ஏ கோப்பைச் சேர்க்கும்போது தானாகவே ஏஏசி பிரதி ஒன்றை உருவாக்கும் என்பதால், நூலகத்தில் ஒரே பாட்டு இரு வடிவில் இருப்பதைக் கண்டு மூலத்தை நீக்கிவிடாதீர்கள்.

ஃபிளாக் என்று வாங்கியது எம்பி3 போல் ஒலிக்கிறது

128 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றை ஃபிளாக் ஆக மாற்றினால் கோப்பு பல மடங்கு பெருகும், போன ஒலி திரும்பாது. இதைக் கண்டறிய ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். குறுந்தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த பாட்டில் வண்ணம் 22 கிலோஹெர்ட்ஸ் அருகே வரை படிப்படியாக மங்கிச் செல்லும். 128 கேபிபிஎஸ் எம்பி3 வழியாக வந்ததில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல் நேர்கோடாக நின்று, அதற்கு மேல் கறுப்பாக இருக்கும். பழைய ஒலிநாடாவிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்த பாடல்களில் உயர் அதிர்வெண்கள் இயல்பாகவே குறைவு. அவற்றில் மங்கல் சீரற்று இருக்கும், நேர்கோடு இராது. நேர்கோடு தெரிந்தால் அந்தக் கோப்பைச் சரிசெய்ய எந்த மென்பொருளாலும் ஆகாது. விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறுந்தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த பிரதியைக் கேட்க வேண்டும்.